தலைக்காயத்துக்குப் பின்னரான சமூக ஆதரவுச் சேவையை மதிப்பிடுவது எப்படி: கொழும்பில் பணிபுரிவோருக்கான படிப்படியான வழிகாட்டி

தலையில் பலத்த அடிபட்டு, வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டி வீடு வந்தவர்களுக்கான உதவி பல வடிவங்களில் இருக்கும்: பகல் நிலையம், வீட்டு விஜயம், பராமரிப்பவர்களுக்கான கூட்டம், வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம். அப்படியான ஒரு சேவை உண்மையில் பயன்படுகிறதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு கையில் வந்தவர்களுக்கு இந்த வழிகாட்டி. 15 முதல் 60 பேர் வரை வந்துபோகும் சிறிய சேவையை மனதில் வைத்து எழுதப்பட்டது.

புதிதாக இறங்குபவர்கள் முதலில் செய்வது ஒரு திருப்திப் படிவம் அச்சடிப்பது. அதை அன்றைக்கு வந்திருப்பவர்களிடம் கொடுப்பார்கள். எல்லோரும் 'மிக நன்று' என்று போடுவார்கள். பிடிக்காதவர் அன்றைக்கு அங்கே இல்லை. வந்தவருக்கோ படிவம் தந்த பிள்ளையின் முகத்துக்கு நேரே குறை சொல்ல மனம் வராது. ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை வேறு. வராமல் நின்றவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் இதில் ஆகக் கூடுதலான உழைப்பை எடுக்கும் படி. மற்றவை அதைச் சுற்றி வருகின்றன.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த 18 மாத வரவுப் பதிவேடு. ஆட்களை அனுப்பிய வைத்தியசாலைப் பிரிவுகளின் கடிதங்கள். ஒவ்வொருவருடைய டயக்னோசிஸ் கார்ட் (வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியசாலை தரும் நோய் விபர அட்டை), கிளினிக் கொப்பி ஆகியவற்றைப் பார்க்க அனுமதி. பூட்டக்கூடிய ஓர் அலுமாரி.

பேட்டி எடுக்க இரண்டு பேர் வேண்டும். இருவரும் அந்தச் சேவையில் சம்பளம் வாங்காதவர்களாக இருக்கட்டும். ஒருவராவது வைத்திய ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், ஏனெனில் கார்டில் இருப்பது அதுதான். இன்னொருவர் சிங்களத்திலும் சரளமாகப் பேசினால் வேலை பாதியாகும்.

வலிப்பு, தற்கொலை எண்ணம், வீட்டில் அடிதடி என்று ஏதாவது வெளிப்பட்டால் அழைக்க ஒரு வைத்தியரோ உளவளத்துணையாளரோ முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும். பேட்டி தொடங்கிய பிறகு ஆள் தேடக் கூடாது.

காலம்: திரும்ப அளக்கக் காத்திருக்கும் மாதங்களைச் சேர்க்காமல், அவசரமில்லாமல் செய்தால் 12 முதல் 14 வாரம். நோன்பு மாதம், தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி வாரங்களைக் கழித்துவிட்டுத் திட்டமிடுங்கள். அந்த நாட்களில் எடுத்த பதில்கள் ஒரு சாதாரண வாரத்தைக் காட்டாது.

1. எந்த முடிவுக்காக மதிப்பிடுகிறீர்கள் என்று எழுதுங்கள்

'சேவை நல்லதா?' என்பது விடை சொல்ல முடியாத கேள்வி. 'வருகிற வருடம் வெள்ளவத்தையில் பகல் நிலையத்தை இன்னொரு நாள் கூட்டித் திறப்பதா, அந்தப் பணத்தில் கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கம் வீட்டு விஜயம் தொடங்குவதா?' என்று கேட்டால் விடை தேடலாம்.

ஒரு தாளில் மூன்று விடயங்களை எழுதுங்கள்: முடிவெடுப்பவர் யார், எந்தத் திகதிக்குள், எந்தப் பெறுபேறு வந்தால் எந்த முடிவு. மூன்றாவதை எழுத மறுப்பார்கள். விடாதீர்கள். எந்தப் பெறுபேறு வந்தாலும் முடிவு மாறாது என்றால், மதிப்பீட்டுக்கான பணத்தை ஆட்களின் போக்குவரத்துக்குக் கொடுத்துவிடலாம்.

மதிப்பீடு விடை தேடும் இப்படியான பெரிய கேள்விகள் மூன்றைத் தாண்டக் கூடாது. தலைக்காயக்காரரால் அரை மணித்தியாலத்துக்கு மேல் உட்கார்ந்து பதில் சொல்வது கடினம். உங்கள் ஆசைக்கெல்லாம் அவருடைய மூளை ஈடுகொடுக்காது.

2. சேவை உண்மையில் என்ன செய்கிறது என்று நேரில் பாருங்கள்

பேட்டிக்கு முன்னரே இரண்டு மூன்று அமர்வுகளில் ஒரு மூலையில் இருந்து பாருங்கள். கையில் கடிகாரம் இருக்கட்டும். திட்ட ஆவணத்தில் 'மூன்று மணி நேரப் பயிற்சி' என்று இருக்கும். ஆட்கள் வந்து சேரக் காத்திருந்தது, தேநீர், பிரார்த்தனை, வாகனம் வரும்வரை இருந்தது எல்லாம் கழித்தால் பயிற்சிக்கு எத்தனை நிமிடம் மிஞ்சியது என்று குறியுங்கள்.

இந்தப் படியைத் தாண்டினால் பின்னால் மாட்டிக்கொள்வீர்கள். பெறுபேறு மோசமாக வந்தால், திட்டம் பிழையா, அல்லது திட்டம் சரி, அது நடக்கவே இல்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

பார்க்க வேண்டியவை சில. ஞாபகக் கொப்பி, கைத்தொலைபேசி அலாரம், சுவர் நாட்காட்டி போன்றவற்றை ஆட்கள் தாங்களே திறந்து பார்க்கிறார்களா, அல்லது பணியாளர் எடுத்து நீட்டுகிறாரா? நினைவூட்டல் தேவைப்படுவது பிழையல்ல. ஆனால் நினைவூட்டுவது எப்போதும் ஒரு மனிதர் என்றால், அந்தப் பழக்கம் வீட்டுக்குப் போகாது. அறிவுறுத்தல் ஒரு தடவைக்கு ஒன்றாக வருகிறதா? மின்விசிறி, தொலைக்காட்சி, தெருச் சத்தம் எவ்வளவு? கழிப்பறைக்குப் போக எத்தனை படி?

எல்லாவற்றிலும் முக்கியமானது பயிற்சி எங்கே நடக்கிறது என்பது. மூளைக் காயத்துக்குப் பிறகு, ஓரிடத்தில் பழகியது இன்னோரிடத்துக்குத் தானாகத் தாவுவது குறைவு. நிலையத்தின் மேசையில் பிளாஸ்டிக் காசு எண்ணிப் பழகியவர், காலி வீதிக் கடையில் மீதிக்காசு வாங்கத் திணறுவார். அமர்வுகளில் எத்தனை உண்மையான கடையில், உண்மையான பஸ்ஸில், அவரவர் குசினியில் நடந்தன என்று தனியாக எண்ணி எழுதுங்கள்.

3. முழுப் பெயர்ப் பட்டியலைக் கட்டுங்கள்

18 மாதத்துக்குள் இந்தச் சேவைக்கு அனுப்பப்பட்ட எல்லோரையும் பட்டியலில் சேருங்கள், ஒரே ஒரு நாள் வந்தவரையும் சேர்த்து. தேசிய வைத்தியசாலை, களுபோவில வைத்தியசாலை, ராகமைப் புனர்வாழ்வு வைத்தியசாலை ஆகியவற்றிலிருந்து வந்த கடிதங்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால், கடிதம் இருந்தும் வராத பெயர்கள் கிடைக்கும்.

பட்டியலை நான்காகப் பிரியுங்கள்: ஒழுங்காக வருபவர், விட்டு விட்டு வருபவர், நின்றவர், அனுப்பியும் வராதவர். 'நின்றவர்' என்பதற்கு முன்பே ஒரு எல்லை வையுங்கள், உதாரணமாகத் தொடர்ந்து ஆறு வாரம் வராதவர். பெறுபேற்றைப் பார்த்த பிறகு எல்லையை நகர்த்துவது ஏமாற்று.

ஒவ்வொருவருக்கும் எழுத வேண்டியவை: வயது, அடிபட்ட திகதி, எப்படி அடிபட்டது, சத்திரசிகிச்சை நடந்ததா, வலிப்பு உண்டா, முன்பு செய்த தொழில், வீட்டு மொழி, எந்த மாடி, லிஃப்ட் உண்டா, பராமரிப்பவர் யார், அவர் வேலைக்குப் போகிறாரா.

காயத்தின் கடுமைக்கு இரண்டு அளவுகள் போதும். முதலாவது கிளாஸ்கோ கோமா அளவு (கண் திறப்பது, பேச்சு, அசைவு மூன்றுக்கும் புள்ளி போட்டு நினைவு மட்டத்தைக் காட்டும் எண்): 13 முதல் 15 வரை இலேசானது, 9 முதல் 12 வரை நடுத்தரம், 3 முதல் 8 வரை கடுமையானது. இதில் அடிக்கடி நடக்கும் பிழை, சுவாசக் குழாய் போட்ட பிறகு அல்லது மயக்க மருந்து கொடுத்த பிறகு எழுதிய எண்ணை எடுத்துவிடுவது. குழாய் போட்டவரின் பேச்சை அளக்க முடியாது, ஆகவே எண் பொய்யாகத் தாழ்ந்து நிற்கும். குடிபோதையிலும் அப்படியே. எண்ணோடு நேரத்தையும் நிலைமையையும் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டாவது, அடிபட்ட பின் நடந்தவை தொடர்ச்சியாக ஞாபகத்தில் தங்காத காலம். அது ஒரு நாளைத் தாண்டினால் இலேசானது என்று சொல்ல முடியாது. ஒரு கிழமையைத் தாண்டினால் கடுமையானது. கார்டில் இது பெரும்பாலும் இருக்காது. பராமரிப்பவரிடம், 'காலையில் யார் பார்க்க வந்தது என்று பின்னேரம் கேட்டால் எந்த நாளிலிருந்து சரியாகச் சொன்னார்?' என்று கேளுங்கள். 'எப்போது நினைவு வந்தது?' என்று கேட்டால் கண் திறந்த நாளைச் சொல்வார்கள், அது வேறு.

*நின்றவர்களைத் தேடுவது*

தொலைபேசி இலக்கம் மாறியிருக்கும். வாடகை வீடு மாறியிருக்கும். சிகிச்சைக்காகக் கொழும்புக்கு வந்து லொட்ஜில் தங்கியிருந்த குடும்பம் யாழ்ப்பாணத்துக்கோ ஹட்டனுக்கோ மட்டக்களப்புக்கோ திரும்பியிருக்கும். கடிதத்தில் உள்ள இரண்டாவது இலக்கம், பிறகு கிளினிக் நாளில் வைத்தியசாலை வாசல், பிறகு சேவைக்கு இன்னமும் வருகிற இன்னொரு குடும்பம் வழியாக ஒரு தகவல் என்ற வரிசையில் முயலுங்கள். கிராம உத்தியோகத்தர் மூலம் தேட வேண்டாம். 'உங்கள் மகனுடைய தலை விசயமாகத் தேடுகிறார்கள்' என்று ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும்.

கிடைத்தவுடன், 'ஏன் வரவில்லை?' என்று கேட்காதீர்கள். அது குற்றம் சாட்டுவது போல விழும். 'நேரமில்லை' என்ற ஒரே பதில்தான் வரும். 'ஒரு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு வர என்னென்ன ஒழுங்கு செய்ய வேண்டியிருந்தது?' என்று கேளுங்கள். அப்போது விடயம் வெளியே வரும்: மூன்றாம் மாடியிலிருந்து இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டது, முச்சக்கரவண்டிக் காசு, பஸ்ஸில் அவர் சத்தம் போட்டது, குழுவில் எல்லோரும் சிங்களத்தில் பேசியது, மகளுக்குச் சம்பந்தம் பேசும் நேரத்தில் வெளியே தெரிய விரும்பாதது.

நின்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரையாவது எட்டாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. எட்ட முடியாதவர்களின் வயது, கடுமை, இருப்பிடத்தை மற்றவர்களோடு ஒப்பிட்டு அறிக்கையில் எழுதுங்கள்.

4. சம்மதம், இரகசியம்

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாக வைக்கிறது. பெயரும் இலக்கமும் ஒரு கொப்பியில், பதில்கள் வேறொரு கோப்பில், இரண்டையும் இணைப்பது ஓர் எண் மாத்திரம். வாட்ஸ்அப் குழுவில் படிவத்தைப் படமெடுத்துப் போடுவது உடனே நிறுத்தப்பட வேண்டிய பழக்கம்.

பெறுபேற்றை வெளியே பிரசுரிக்கும் எண்ணமிருந்தால், தரவு சேர்க்க முன்னரே ஒழுக்கவியல் மீளாய்வுக் குழு ஒன்றின் அனுமதி தேவை. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அப்படியொரு குழு இருக்கிறது. பின்னால் வாங்க முடியாது.

சம்மதம் கேட்கும்போது நான்கு வசனங்களுக்கு மேல் வேண்டாம். சொல்லி முடித்து, 'நான் என்ன கேட்க வந்திருக்கிறேன், விருப்பமில்லை என்றால் என்ன செய்யலாம்?' என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் இன்னும் எளிதாக ஒரு தடவை. அப்போதும் முடியவில்லை என்றால் குடும்பத்தவர் சம்மதமும், அவருடைய இணக்கமும் இரண்டும் வேண்டும். அவர் முகத்தைத் திருப்பினால், தாயார் கையெழுத்துப் போட்டிருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

5. அளவுகோலைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு, மிஞ்சினால் மூன்று. எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு போகிறவர் கடைசியில் எதையும் முழுமையாக நிரப்புவதில்லை.

மூளைக் காயத்துக்குப் பின் ஒருவர் எப்படி வாழ்கிறார் என்று அளக்கும் மேயோ–போர்ட்லண்ட் அளவீட்டின் நான்காம் பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் திறன், இசைவாக்கம், பங்கேற்பு என்று மூன்று பகுதிகள். நேரமில்லாவிட்டால் எட்டு உருப்படிகள் கொண்ட பங்கேற்புப் பகுதியை மாத்திரம் எடுக்கலாம்: தானாகத் தொடங்குதல், மற்றவர்களோடு பழகுதல், பொழுதுபோக்கு, தன்னைப் பார்த்துக்கொள்ளல், வீட்டை நடத்துதல், போக்குவரத்து, வேலை, பணம். பொதுவாக ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. 1 என்றால் இலேசான குறை, அன்றாட வாழ்வைத் தடுக்காது. 2 என்றால் 5 முதல் 24 சதவீத நேரம் தடுக்கிறது. 3 என்றால் 25 முதல் 75 வரை. 4 என்றால் அதற்கும் மேல். 1க்கும் 2க்கும் இடையில்தான் பேட்டி எடுப்பவர்கள் தடுமாறுவார்கள். ஒரே ஆளை இருவரும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்து, ஏன் வேறுபட்டது என்று பேசித் தீர்த்த பிறகே களத்துக்கு அனுப்புங்கள்.

சமூக இணைவு வினாத்தாளில் 15 கேள்விகள். வீடு, சமூகம், ஆக்கபூர்வ வேலை என்று மூன்று பகுதிகள். மொத்தம் 0 முதல் 29. விரைவானது. ஆனால் வீட்டுப் பகுதியில் சமையல், கடைச்சாமான், பிள்ளை பார்த்தல் பற்றிய கேள்விகள் வரும். அடிபட முன்னரும் குசினிக்குள் போகாத ஆண், அடிபட்ட பின்னும் போகவில்லை என்றால் எண் தாழ்கிறது. அது காயத்தின் கணக்கல்ல. 'அடிபட முன் நீங்கள் இதைச் செய்தீர்களா?' என்ற பக்கக் கேள்வி ஒன்றைச் சேர்த்துத் தனியாகப் பதியுங்கள். மூலப் புள்ளியில் கைவைக்காதீர்கள்.

பராமரிப்பவருக்கு ஸரிட் சுமை நேர்காணல்: 22 கேள்விகள், 0 முதல் 88. பயன்படுத்துமுன் உரிமை நிபந்தனையைப் பாருங்கள்.

விரிந்த கிளாஸ்கோ விளைவு அளவு (கோமா அளவு அல்ல), ஆள் மொத்தத்தில் எவ்வளவு தேறியிருக்கிறார் என்பதற்கு 1 முதல் 8 வரை ஒரே எண் தரும். ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்று விவரிக்க நல்லது. மாற்றத்தைப் பிடிக்க அது மிகவும் தடித்த அளவு. ஆறு மாதத்தில் ஒரு படி ஏறாவிட்டாலும் வாழ்க்கை நிறைய மாறியிருக்கலாம்.

எங்கள் பார்வையில் சிறிய சேவைக்கு ஆகப் பொருந்துவது இலக்கு அடைவு அளவு. ஆளும் குடும்பமும் சேர்ந்து ஓர் இலக்கைச் சொல்வார்கள்; எதிர்பார்ப்பது 0, குறைந்தால் −1, −2, கூடினால் +1, +2. உதாரணம்: ஹம்டன் ஒழுங்கையில் வீடு, மூன்று மாதத்துக்குள் தனியாகக் கடைக்குப் போய், எழுதிய மூன்று சாமான் வாங்கி, மீதிக்காசோடு வருவது 0. ஒருவர் பின்னால் நடந்து வர வாங்குவது −1. இப்போதைய நிலையான 'கூட ஒருவர் வாங்கித் தர வேண்டும்' என்பது −2. எழுதிய சிட்டையில்லாமல் போய்வருவது +1. பஸ் ஏறிப் பம்பலப்பிட்டிக்குப் போய்வருவது +2. ஐந்து படிகளையும் முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். இலக்கை எளிதாக வைத்துவிட்டு எல்லோருக்கும் +2 போடுவதுதான் இதிலுள்ள பொறி. சேவைக்கு வெளியே ஒரு சிகிச்சையாளர் இலக்குகளைப் பார்த்து ஒப்பம் வைக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை: மேயோ–போர்ட்லண்டிலும் ஸரிட்டிலும் எண் கூடினால் மோசம்; மற்றவற்றில் எண் கூடினால் நல்லது. ஒரே அட்டவணையில் போடும்போது ஒவ்வொரு தலைப்பின் கீழும் 'கூடினால் நல்லது' அல்லது 'கூடினால் மோசம்' என்று எழுதிவிடுங்கள்.

6. கேள்விகளைத் தமிழில் பதப்படுத்துங்கள்

இருவர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு ஐந்தாறு பேரிடம் வாசித்துக் காட்டி, 'இந்தக் கேள்வி என்ன கேட்கிறது?' என்று கேளுங்கள். கொழும்பில் அந்த ஐந்தாறு பேருக்குள் வடக்கிலிருந்து வந்தவரும், மலையகத்துக் குடும்பத்தவரும், முஸ்லிம் வீட்டவரும் இருக்க வேண்டும். பேச்சு மூன்று இடத்திலும் வேறு.

'எப்போதும், அடிக்கடி, சிலவேளை, அரிதாக, இல்லவே இல்லை' என்ற வரிசை தலைக்காயக்காரருக்கு வாயால் சொன்னால் நிற்காது. பெரிய எழுத்தில் ஒரு அட்டை, அல்லது ஐந்து அளவில் தண்ணீர் நிரம்பிய குவளைப் படம், விரலால் தொட்டுக் காட்டப் போதும். பேச்சு வராதவரும் இதில் பதில் சொல்வார்.

7. பேட்டி எடுங்கள்

நேரம் காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில். மூளைக் களைப்பு மதியத்துக்குப் பிறகு கூடும். பின்னேரம் எடுத்த பேட்டியில் ஞாபகமும் பொறுமையும் இரண்டும் குறைந்து தெரியும். முதல் தடவை காலை என்றால் ஆறு மாதத்துக்குப் பிறகும் காலையே. வெள்ளிக்கிழமை முஸ்லிம் வீடுகளுக்கு ஜும்ஆ நேரத்தைத் தவிருங்கள்.

20 நிமிடத்தில் ஓர் இடைவேளை, 30 நிமிடத்தில் நிறுத்தம். மிச்சம் இன்னொரு நாள். கண்ணைக் கசக்குவது, ஒரே பதிலைத் தொடர்ந்து சொல்வது, கேள்வி முடியுமுன் 'ஓம்' என்பது: இவை களைப்பின் அடையாளங்கள்.

அழைக்கும் முறை வீட்டைப் பொறுத்தது. வீட்டில் 'அண்ணா' என்றால் அண்ணா, முஸ்லிம் வீட்டில் 'நானா'. பெயரைச் சொல்லி ஒருமையில் பேசுவது, காயத்தால் அவர் சின்னப் பிள்ளையாகிவிட்டார் என்று வீட்டார் முன்னிலையில் சொல்வதற்குச் சமம். பிறகு அவர் வாய் திறக்க மாட்டார்.

'கடந்த ஒரு மாதத்தில்' என்று கேட்காதீர்கள். கடந்த ஏழு நாள், அதையும் ஒரு கொளுவியில் மாட்டி: 'போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வந்தாரே, அதிலிருந்து இன்றுவரை'. 'ஓம்' சொல்லிப் போகும் பழக்கத்தைப் பிடிக்க, ஒரு விடயத்தைப் பத்து நிமிடம் கழித்து எதிர்ப்பக்கமாகக் கேளுங்கள். இரண்டுக்கும் 'ஓம்' என்றால் அவருடைய மற்றப் பதில்களையும் அந்தப் பட அட்டையை வைத்துத் திரும்ப எடுக்க வேண்டும்.

ஒரே கேள்விகளை மூன்று பேரிடம் கேளுங்கள்: அவரிடம், பராமரிப்பவரிடம், சேவைப் பணியாளரிடம். மூளையின் முன்பகுதி காயப்பட்டவர்களில் பலருக்குத் தங்கள் குறை தெரியாது. அது பொய்யல்ல, மறைப்பும் அல்ல. குறையை உணரும் பகுதியே காயப்பட்டிருக்கிறது. 'நான் தனியாகத்தான் போய்வருகிறேன்' என்பார். மனைவி பின்னால் நின்று 'இல்லை' என்று தலையாட்டுவார். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையல்ல. இரண்டையும் எழுதி, இடைவெளியையும் ஒரு தரவாக வையுங்கள்.

மூவரையும் தனித்தனியாக எடுப்பது கட்டாயம். கூட்டுக் குடும்பத்தில் மாமியார் இருக்க மருமகள் சுமையைப் பற்றிப் பேச மாட்டார். அவர் கிளினிக்குக்கு மருந்தெடுக்கப் போகும் வரிசையில், அல்லது தொலைபேசியில் அவர் சொல்லும் நேரத்தில் எடுங்கள். தொலைபேசியில் என்றால், 'ஓம், இல்லை என்று மட்டும் சொன்னாலும் போதும்' என்று கேள்விகளை அமையுங்கள்.

கோபம், அடி, குடி பற்றிய கேள்விகள் கடைசிக்கு முன். கடைசிக் கேள்வி இலேசானதாக இருக்கட்டும். குழப்பத்தோடு ஆளை விட்டுவிட்டு வரக் கூடாது. வலிப்பு வந்தால் பக்கவாட்டில் திருப்பி, வாயில் எதையும் வைக்காமல், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ். உயிரை விடும் பேச்சு வந்தால் பேட்டி அத்தோடு முடிகிறது: ஆளைத் தனியே விடாமல், ஒழுங்கு செய்து வைத்த வைத்தியரை அழைக்க வேண்டும், தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பெண்ணுக்கு வீட்டில் அடி விழுகிறது என்று தெரிந்தால் 1938.

8. குடும்பத்தின் செலவைக் கூட்டுங்கள்

சேவை இலவசம் என்று பலகையில் இருக்கும். வீட்டுக்கு அது இலவசமல்ல. உதாரணத்துக்கு, ஒரு வருகைக்கு முச்சக்கரவண்டி போக வர 1,600 ரூபாய், கூட வருபவர் இழந்த அரைநாள் சம்பளம் 1,500 ரூபாய் என்றால், வாரம் இரண்டு தடவைக்கு மாதம் சுமார் 24,800 ரூபாய். இந்தக் கணக்கைச் சேவையின் செலவுக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்தால், வீட்டு விஜயம் 'செலவு கூடியது' என்ற பேச்சு சில இடங்களில் கவிழ்ந்துவிடும்.

பிரதேச செயலகம் ஊடாகக் கிடைக்கும் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தார்களா, சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்தார்களா, இதைச் சேவையில் யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். நடை சரியாக இருக்கும் தலைக்காயக்காரரை, 'இவருக்கு ஒன்றுமில்லையே' என்று வரிசையிலிருந்து திருப்பி அனுப்புவது எளிது. ஞாபகமும் நிதானமும் போனது கண்ணுக்குத் தெரியாது. அதை விளக்கும் வைத்தியக் கடிதம் பெற்றுக் கொடுப்பது, ஒரு மாதப் பயிற்சியைவிடக் குடும்பத்துக்கு உதவலாம்.

9. கணக்கைப் போடுங்கள்

சிறிய தொகைக்குச் சதவீதம் எழுதாதீர்கள். '24 பேரில் 9 பேர் முன்னேறினர், 11 பேர் அப்படியே, 4 பேர் பின்வாங்கினர்' என்பதே நேர்மை. நின்றவர்கள் 13 பேர் என்றால், அடுத்த வரியில் 'தொடங்கிய 37 பேரில் 9 பேர்' என்றும் எழுத வேண்டும். இந்த இரண்டாவது வரியை அழிக்கச் சொல்வார்கள். அது அறிக்கையின் முதுகெலும்பு.

அடுத்தது காலம். மூளை தானாகத் தேறுவது முதல் ஆறு மாதத்தில் வேகமாக, பிறகு இரண்டு வருடம் வரை மெதுவாக நடக்கும். அடிபட்டு மூன்றாம் மாதம் சேர்ந்தவர் ஒன்பதாம் மாதம் முன்னேறினால், அதில் சேவையின் பங்கு எது, இயற்கையின் பங்கு எது என்று பிரிக்க வழியில்லை. ஆட்களை ஆறு மாதத்துக்குக் குறைவு, ஆறு மாதம் முதல் இரண்டு வருடம், இரண்டு வருடத்துக்கு மேல் என்று பிரித்துக் காட்டுங்கள். கடைசிக் குழுவில் தெரியும் மாற்றத்துக்கே எடை கூட. காத்திருப்புப் பட்டியல் இருந்தால் அவர்களையும் அதே நாளில் அளந்து ஒப்பிடுங்கள்.

மேயோ–போர்ட்லண்ட் புள்ளியை அதற்கான அட்டவணையைப் பார்த்து நியமப் புள்ளியாக (T-score: ஒப்பீட்டுக் குழுவின் சராசரியை 50 ஆக வைத்த புள்ளி) மாற்றினால் 5 புள்ளி மாற்றம் கவனிக்கத்தக்கது, 9 புள்ளி உறுதியானது என்று கொள்கிறார்கள். அந்த அட்டவணை அமெரிக்க ஆட்களை வைத்துக் கட்டியது. ஆளின் முன்–பின் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தலாம்; 'நம் ஆட்கள் சராசரியைவிட மோசம்' என்று சொல்லப் பயன்படுத்தக் கூடாது.

பெரும்பாலோர் விழும் குழி இது: நல்ல சேவையில் ஒருவர் தன் குறையை உணரத் தொடங்குவார். அப்போது அவர் தனக்குத் தானே போடும் மதிப்பு முன்னையதைவிட மோசமாக வரும். மேலோட்டமாகப் பார்ப்பவர் 'சேவையால் கெட்டுப்போனார்' என்பார். பராமரிப்பவரின் மதிப்பு அசையாமலோ நன்றாகவோ இருந்து, இருவரின் இடைவெளி சுருங்கியிருந்தால், அது முன்னேற்றம். ஆனால் அந்தக் கட்டத்தில் மனச்சோர்வும் கூடலாம். அப்படிப்பட்டவரின் பெயரைக் கணக்கோடு விட்டுவிடாமல், சேவைக்கு உடனே அறிவியுங்கள்.

10. திருப்பிச் சொல்லுங்கள், முடிவைத் திகதியோடு எழுதுங்கள்

நிதி தருபவருக்கு நீண்ட அறிக்கை. பணியாளருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு பக்கம். குடும்பங்களுக்கு ஐந்து நிமிடக் குரல் பதிவு; வாசித்தால் தலையிடிக்கும் ஆட்களுக்குத் தாள் கொடுப்பதில் பயனில்லை. நின்றவர்களுக்கும் அதே பதிவை அனுப்புங்கள்.

சிறிய சேவையில் பெயரை மறைத்தாலும் ஆள் தெரிந்துவிடும். 'மருதானையைச் சேர்ந்த, கட்டடத்திலிருந்து விழுந்த 34 வயது மேசன்' என்று எழுதினால் எல்லோருக்கும் யாரென்று விளங்கும். தொழிலையோ இடத்தையோ வயதையோ நீக்குங்கள்.

முதல் படியில் எழுதிய தாளை மேசையில் வைத்து, முடிவெடுப்பவரோடு ஒவ்வொரு கேள்வியாகப் போங்கள். 'போக்குவரத்து மேம்படுத்தப்படும்' என்பது முடிவல்ல. எந்தத் திகதியிலிருந்து, எந்த வீதிகளுக்கு, யார் பொறுப்பில், எந்தக் கணக்கிலிருந்து காசு என்பது வரை எழுதி ஒப்பம் வாங்குங்கள்.

கடைசியாக ஒரு ஒழுங்கு. இனிச் சேரும் ஒவ்வொருவரையும் முதல் இரண்டு வாரத்துக்குள் அளந்து, 3, 6, 12 மாதங்களில் திரும்ப அளக்கும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். நான்கு வாரம் வராதவருக்கு அழைப்பு எடுப்பதும் அவர் வேலையில் சேரட்டும், ஆறு வாரம் ஆகி 'நின்றவர்' பட்டியலுக்குப் போகுமுன்.